எந்த எண்ணெய் எவ்வளவு எரியும்? கொழுப்பும் உடம்பின் சக்திக் கணக்கும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எடை குறைக்க வேண்டும் என்று யார் பேச்செடுத்தாலும் பத்தாவது நிமிடத்தில் பேச்சு எண்ணெய்ச் சட்டிக்கு வந்துவிடுகிறது. தேங்காயெண்ணெய்க்கு மாறிவிட்டேன் என்பார் ஒருவர். நெய் சாப்பிட்டால் கொழுப்பு கரையுமாமே என்பார் இன்னொருவர். செக்கெண்ணெய் என்றால் எவ்வளவு ஊற்றினாலும் பரவாயில்லை என்று நினைப்பவர்கள் தனி ரகம். என்னிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

எந்த எண்ணெயாக இருந்தாலும் கிராமுக்கு 9 கலோரிதானே? அப்புறம் என்ன வித்தியாசம்?

கலோரியில் ஏறக்குறைய வித்தியாசமே இல்லை. மாவுச்சத்துக்கும் புரதத்துக்கும் கிராமுக்கு 4, கொழுப்புக்கு 9 என்ற கணக்கு அமெரிக்காவின் வில்பர் ஆட்வாட்டர் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் செய்த வேலையிலிருந்து வந்தது. உணவை எரித்துப் பார்த்தார். மனிதர்களை அறைக்குள் உட்காரவைத்து அவர்கள் உடம்பு வெளியிடும் வெப்பத்தையும் அளந்தார். இன்று நீங்கள் வாங்கும் பாக்கெட்டின் பின்பக்கத்தில் இருப்பதும் அதே கணக்குதான்.

வித்தியாசம் வேறு இடங்களில் வருகிறது. தின்றதில் எவ்வளவு குடலைத் தாண்டி உள்ளே போகிறது, போனதில் எவ்வளவு சீக்கிரம் எரிகிறது, எரியாதது எங்கே போய்ப் படிகிறது. இந்த மூன்றில் நடுவில் உள்ளதைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். என்னைக் கேட்டால் கடைசியில் உள்ளதுதான் பெரிய விஷயம்.

இன்னொன்றும் உண்டு. சாப்பிட்டதைச் செரிக்கவே உடம்பு கொஞ்சம் சக்தியைச் செலவழிக்கும். புரதத்தில் 100 கலோரி சாப்பிட்டால் 20 முதல் 30 கலோரி அதிலேயே போய்விடும். மாவுச்சத்தில் 5 முதல் 10. கொழுப்பில் அதிகபட்சம் 3. எண்ணெயைச் சேமித்து வைக்க உடம்புக்குப் பெரிய சிரமமே கிடையாது. ஏற்கெனவே அது சேமிப்புக்குத் தயாரான பொருள்.

சாப்பிட்ட எண்ணெய் உடம்புக்குள் எந்த வழியாகப் போகிறது?

எண்ணெய் என்பது பெரும்பாலும் ட்ரைகிளிசரைடு. ஒரு கிளிசராலில் மூன்று கொழுப்பு அமிலங்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வோர் அமிலமும் கார்பன் அணுக்கள் கோத்த ஒரு சங்கிலி. குடலில் பித்தநீர் அதைச் சிறு சிறு துளிகளாக உடைக்கும், கணைய நொதி அந்த அமிலங்களைக் கழற்றிவிடும்.

அதன் பிறகு பாதை இரண்டாகப் பிரிகிறது. நீளச் சங்கிலிக் கொழுப்பு அமிலங்கள், அதாவது நாம் சாப்பிடும் எண்ணெயில் மிகப் பெரும்பகுதி, குடல் சுவரில் மறுபடி ட்ரைகிளிசரைடாகச் சேர்ந்து, கைலோமைக்ரான் என்ற பொட்டலங்களாகக் கட்டப்பட்டு, நிணநீர்க் குழாய் வழியே சுற்றிக்கொண்டு ரத்தத்துக்கு வரும். வரும் வழியில் தசையும் கொழுப்புத் திசுவும் தங்கள் பங்கை எடுத்துக்கொள்ளும். மத்தியானம் ஒரு மணிக்குச் சாப்பிட்ட பூரியின் எண்ணெய் ரத்தத்தில் உச்சத்தில் இருப்பது மாலை நான்கு, ஐந்து மணிக்கு.

8 அல்லது 10 கார்பன் மட்டுமே உள்ள நடுத்தரச் சங்கிலி அமிலங்களுக்கு இந்தச் சுற்றுவழி தேவையில்லை. நேரே கல்லீரலுக்குப் போய்விடும். செல்லுக்குள் எரிப்பு நடக்கும் இடமான மைட்டோகாண்ட்ரியாவுக்குள் நுழைய நீளச் சங்கிலிக்குக் கார்னிட்டின் என்ற ஆள் கையைப் பிடித்துக் கூட்டிப்போக வேண்டும். நடுத்தரச் சங்கிலி பெரும்பாலும் யார் துணையும் இல்லாமல் உள்ளே போய்விடும். நாலு இட்லி சாப்பிட்டு இன்சுலின் ஏறியிருக்கும் நேரத்தில் கார்னிட்டின் கதவு கிட்டத்தட்டச் சாத்தியிருக்கும். அந்த நேரத்தில் உள்ளே வந்த எண்ணெய்க்குப் போக்கிடம் சேமிப்புக் கிடங்குதான்.

அப்படியானால் தேங்காயெண்ணெய் நல்லதுதானே? அதில்தான் நடுத்தரச் சங்கிலி நிறைய இருக்கிறதாமே?

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது. இதில்தான் குழப்பமும் அதிகம்.

ஆய்வுக்கூடத்தில் நல்ல பெயர் வாங்கியது தேங்காயெண்ணெய் இல்லை, எம்.சி.டி. எண்ணெய், அதாவது நடுத்தரச் சங்கிலி ட்ரைகிளிசரைடு. தேங்காயெண்ணெயிலிருந்தோ பாமின் கொட்டையெண்ணெயிலிருந்தோ 8, 10 கார்பன் அமிலங்களை மட்டும் பிரித்தெடுத்துச் செய்வது அது. தேங்காயெண்ணெயில் இந்த இரண்டும் சேர்ந்தே 13, 14 சதவீதம்தான். கிட்டத்தட்டப் பாதி லாரிக் அமிலம், 12 கார்பன். வேதியியல் புத்தகத்தில் லாரிக்கையும் நடுத்தரச் சங்கிலி என்று எழுதுவார்கள், அதுதான் வினையே. குடலில் அது நடந்துகொள்வது பெரும்பாலும் நீளச் சங்கிலியைப் போல. கைலோமைக்ரான் பொட்டலத்தில் ஏறி நிணநீர் வழியாகத்தான் போகிறது.

வீட்டிலேயே இந்த வித்தியாசத்தைப் பார்க்கலாம். மார்கழிக் காலையில் தேங்காயெண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்தால் ஒரு சொட்டு விழாது. 24 டிகிரிக்குக் கீழே போனாலே உறைந்துவிடும். எம்.சி.டி. எண்ணெயை ஃப்ரிட்ஜில் வைத்தாலும் தண்ணீர் மாதிரி ஓடும். இரண்டும் ஒரே பொருளாக இருந்தால் இப்படி நடக்குமா?

கணக்கும் போட்டுப் பார்க்கலாம். 20 கிராம் எம்.சி.டி.க்குச் சமமாக அந்த 8, 10 கார்பன் அமிலங்கள் வேண்டுமென்றால் சுமார் 150 கிராம் தேங்காயெண்ணெய் குடிக்க வேண்டும். அது 1,300 கலோரிக்கு மேல். எம்.சி.டி. ஆய்வுகளால் பெயர்பெற்ற மரி பியர் செயின்ட் ஓஞ்சே தன் முடிவுகளைத் தேங்காயெண்ணெய்க்குப் பொருத்தக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்.

இதயத்தின் பக்கம் பார்த்தால், 16 சோதனைகளைத் தொகுத்து 2020இல் வெளிவந்த ஆய்வில், மற்ற தாவர எண்ணெய்களோடு ஒப்பிடுகையில் தேங்காயெண்ணெய் கெட்ட கொலஸ்ட்ரால் எனப்படும் எல்.டி.எல்.லைச் சராசரியாக டெசிலிட்டருக்கு 10 மில்லிகிராம் அளவுக்கு உயர்த்தியது. அவியலில் கடைசியாக ஊற்றும் ஒரு ஸ்பூன் பச்சைத் தேங்காயெண்ணெய் வாசனையை இதற்காக யாரும் விட வேண்டியதில்லை. மருந்து என்று நினைத்து வெறும் வயிற்றில் குடிப்பதைத்தான் விடச் சொல்கிறேன்.

சரி, எம்.சி.டி. எண்ணெயையே வாங்கிவிட்டால்?

அதில் பலன் உண்டு, ஆனால் சின்னது. 1996இல் ஜெனீவாவில் ஒரு சில இளைஞர்களை அறைக்குள் வைத்து அளந்தபோது, தினம் 15 முதல் 30 கிராம் எம்.சி.டி. சாப்பிட்டவர்களின் 24 மணி நேரச் சக்திச் செலவு 5 சதவீதம் கூடியது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பின்னால் வந்த ஓர் ஆய்வில் முதல் வாரத்தில் தெரிந்த உயர்வு இரண்டாவது வாரத்தில் மங்கிவிட்டது. உடம்பு எதற்கும் பழகிக்கொள்ளும்.

செயின்ட் ஓஞ்சேயின் 2008 ஆய்வில், கலோரி குறைத்துச் சாப்பிட்ட இரு குழுக்களில் எம்.சி.டி. சேர்த்துக்கொண்ட குழு 16 வாரத்தில் ஆலிவ் எண்ணெய்க் குழுவைவிட ஏறத்தாழ 1.7 கிலோ அதிகம் குறைந்தது. இதுபோன்ற சோதனைகள் பலவற்றைத் தொகுத்து 2015இல் கணக்குப் போட்டபோது சராசரி வித்தியாசம் அரை கிலோவுக்கு வந்துவிட்டது. அதுவும் வேறு எண்ணெயை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இதை வைத்தால்தான். இருக்கிற சமையலுக்கு மேல் காபியில் இரண்டு மேஜைக்கரண்டி ஊற்றிக்கொண்டால் கூடுதலாக இருநூறு கலோரிக்கு மேல் உள்ளே போகும். அரை கிலோவுக்காக இந்த விலை கொடுப்பதா என்பது உங்கள் பர்ஸைப் பொறுத்தது. திடீரென்று அதிகம் குடித்தால் வயிறு கலக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

எம்.சி.டி.க்கு உண்மையான வேலை மருத்துவமனையில் இருக்கிறது. நிணநீர் கசிவு உள்ளவர்களுக்கும் சாதாரண எண்ணெய் செரிக்காதவர்களுக்கும் கொடுக்கிறார்கள். வலிப்புள்ள சில குழந்தைகளுக்கான கீட்டோன் உணவிலும் 1970களிலிருந்து அது இருக்கிறது.

மற்ற எண்ணெய்களுக்குள் எது சீக்கிரம் எரிகிறது?

இதை அழகாக அளந்தார்கள், 2000ஆம் ஆண்டில் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில். ஒவ்வொரு கொழுப்பு அமிலத்திலும் கனமான கார்பனை அடையாளமாக ஒட்டிச் சாப்பிடக் கொடுத்து, மூச்சில் அந்தக் கார்பன் எவ்வளவு வெளியே வருகிறது என்று 9 மணி நேரம் பார்த்தார்கள். லாரிக் 41 சதவீதம் எரிந்துவிட்டது. ஆளி விதையில் உள்ள லினோலெனிக் 27 சதவீதம். நல்லெண்ணெயிலும் கடலெண்ணெயிலும் இருக்கும் ஓலியிக்கும் லினோலியிக்கும் அதற்குக் கொஞ்சம் கீழே. பாமாயிலின் பால்மிட்டிக் அதற்கும் கீழே. ஆட்டுக் கொழுப்பிலும் நெய்யிலும் உள்ள ஸ்டியரிக் கடைசி, 13 சதவீதம்.

சங்கிலி குட்டையாக இருந்தால் சீக்கிரம் எரியும். ஒரே நீளம் என்றால் நிறைவுறாதது, அதாவது சங்கிலியில் இரட்டைப் பிணைப்பு உள்ளது, முந்திக்கொள்ளும். அளந்தது ஒரு சிலரிடம்தான், அதுவும் 9 மணி நேரம்தான் என்பதை மறக்க வேண்டாம்.

2005இல் வெளியான இன்னொரு அமெரிக்க ஆய்வில், சில வாரங்கள் பால்மிட்டிக் நிறைந்த உணவு சாப்பிட்டவர்களுக்கு, ஓலியிக் நிறைந்த உணவு சாப்பிட்டவர்களைவிடக் கொழுப்பு எரிப்பும் நாள் முழுவதற்குமான சக்திச் செலவும் குறைவாக இருந்தன. திசை ஒன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த வித்தியாசத்தை நம்பி மட்டும் யாரும் இளைத்துவிட முடியாது.

நல்லெண்ணெயா, கடலெண்ணெயா?

எரிப்புக் கணக்கில் இரண்டும் அண்ணன் தம்பி. கடலெண்ணெயில் ஓலியிக் கொஞ்சம் தூக்கல், நல்லெண்ணெயில் லினோலியிக் கொஞ்சம் தூக்கல். இட்லிப்பொடிக்கு எது, வடைச் சட்டிக்கு எது என்று உங்கள் நாக்கைக் கேட்டு முடிவு செய்யுங்கள். செக்கில் ஆட்டியதா ஆலையில் சுத்திகரித்ததா என்பது வாசனையை மாற்றும், கலோரியை மாற்றாது.

எரிப்பில் இவ்வளவு சின்ன வித்தியாசம்தான் என்றால் எந்தக் கொழுப்பு என்று பார்ப்பதே வீண்தானா?

இல்லை. எங்கே படிகிறது என்பதற்கு இப்போதுதான் வருகிறோம்.

ஸ்வீடனில் உப்சாலா பல்கலைக்கழகத்தில் 39 ஒல்லியான இளைஞர்களையும் இளம்பெண்களையும் ஏழு வாரம் மஃபின் சாப்பிட வைத்தார்கள். வழக்கமான சாப்பாட்டுக்கு மேல் மஃபின், எடை கூட வேண்டும் என்பதே திட்டம். பாதிப் பேருக்குப் பாமாயிலில் செய்தது, மீதிப் பேருக்குச் சூரியகாந்தி எண்ணெயில் செய்தது. மாவு, சர்க்கரை எல்லாம் ஒன்றே. 2014இல் முடிவு வெளிவந்தது. இரு குழுவும் சராசரியாக 1.6 கிலோ ஏறியிருந்தன. எடை மெஷினில் நிறுத்தினால் ஒருவித வித்தியாசமும் தெரியாது.

ஆனால் எம்.ஆர்.ஐ.யில் பார்த்தபோது, பாமாயில் குழுவுக்குக் கல்லீரலிலும் வயிற்றுக்குள் உறுப்புகளைச் சுற்றியும் கொழுப்பு நன்றாகவே கூடியிருந்தது. சூரியகாந்திக் குழுவுக்கு அங்கே கூடியது குறைவு. ஏறிய எடையில் கொழுப்பல்லாத திசுவின் பங்கு மற்றவர்களைவிடக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு.

நம் ஊருக்கு இது ரொம்ப முக்கியம். கை கால் ஒல்லியாக, வயிறு மட்டும் முன்னால் வந்திருக்கும் ஆண்களை எந்தத் தெருவிலும் பார்க்கலாம். சர்க்கரை நோயோடு நெருங்கிய சம்பந்தம் உள்ளது இந்த உள் கொழுப்புக்குத்தான். பாமாயில் ரேஷனிலும் ஹோட்டல் சட்டியிலும் பிஸ்கட் பாக்கெட்டிலும் கண்ணுக்குத் தெரியாமல் வந்துகொண்டிருக்கிறது. ரேஷனில் வாங்கியே ஆக வேண்டிய குடும்பத்தைக் குற்றம் சொல்வதற்கில்லை. பொரிப்பதைக் குறைத்துத் தாளிப்போடு நிறுத்திக்கொண்டால் அதிலேயே பாதிப் பிரச்சினை தீரும்.

நெய்?

நெய்யில் பியூட்டிரிக் என்ற குட்டைச் சங்கிலி அமிலம் இருப்பது உண்மை. அதனால் கொழுப்பு கரையும் என்பது மிகை. 5 கிராம் நெய்யில் அது 0.2 கிராம் வந்தால் அதிகம். கீரையும் பருப்பும் தின்றால் உங்கள் குடல் பாக்டீரியாவே அதைவிடப் பல மடங்கு தயாரித்துக் கொடுக்கும். நெய்யில் அறுபது சதவீதத்துக்கு மேல் நிறைவுற்ற கொழுப்புதான். பருப்புச் சோற்றுக்கு ஒரு ஸ்பூன் என்றால் நானும் உங்கள் கட்சி.

மாவுச்சத்தை ஒதுக்கும் பேலியோ உணவுமுறையில் கொழுப்பைத் தின்றால் கொழுப்பு எரியும் என்கிறார்களே?

எரிவது நிஜம். எந்தக் கொழுப்பு என்பதில்தான் கேள்வி. மாவுச்சத்தை நிறுத்திவிட்டால் உடம்பு கொழுப்பை எரிக்கத்தான் செய்யும், வேறு வழி? ஆனால் முதலில் எரிவது நீங்கள் காலையில் தின்ற வெண்ணெய். இடுப்பில் இருப்பது அதன் பிறகுதான்.

அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் 2015இல் இதை அளந்தார். உடல் பருமன் உள்ள 19 பேர், ஆய்வு வார்டிலேயே தங்கியிருந்தார்கள், ஒவ்வொரு கவளமும் எடை போட்டது. ஒரு முறை மாவுச்சத்தில் கை வைத்து 30 சதவீதக் கலோரியைக் குறைத்தார்கள். இன்னொரு முறை அதே அளவைக் கொழுப்பில் குறைத்தார்கள். மாவுச்சத்து குறைந்தபோது இன்சுலின் இறங்கி, கொழுப்பு எரிப்பு கூடியது. ஆனால் உடம்பிலிருந்து குறைந்த கொழுப்பு நாளுக்கு 53 கிராம். கொழுப்பைக் குறைத்தபோது எரிப்பு கூடவே இல்லை, குறைந்ததோ 89 கிராம். உள்ளே வந்தது குறைந்ததால் வெளியே போனது சொந்தச் சரக்கு.

இதை வைத்துக்கொண்டு பேலியோக்காரர்களோடு சண்டைக்குப் போக வேண்டாம். அது வெறும் ஆறு நாள் கதை. ஸ்டான்ஃபோர்டில் 609 பேரை ஒரு வருடம் தொடர்ந்து 2018இல் வெளியிட்ட ஆய்வில் கொழுப்பைக் குறைத்தவர்கள் 5.3 கிலோ, மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் 6 கிலோ. புள்ளியியல்படி இரண்டும் ஒன்றே. சோற்றை விட்டவுடன் சிலருக்குப் பசி அடங்கி, தானாகவே சாப்பாடு குறைகிறது. அப்படிப்பட்டவர்களுக்கு அது வேலை செய்கிறது.

நிலக்கடலை தின்றால் எண்ணெய் தின்ற மாதிரிதானா?

இல்லவே இல்லை. எனக்குப் பிடித்த ஆய்வுகளில் ஒன்று இது, 1980இல் வந்தது. சிலருக்குக் கொழுப்பை முழு நிலக்கடலையாகவும், பீநட் பட்டராகவும், கடலெண்ணெயாகவும் மாற்றி மாற்றிக் கொடுத்து, மலத்தில் எவ்வளவு கொழுப்பு வீணாகப் போகிறது என்று பார்த்தார்கள். எண்ணெயில் 4.5 சதவீதம், பட்டரில் 7, முழுக் கடலையில் கிட்டத்தட்ட 18.

பல்லுக்கு அகப்படாத கடலைச் செல்லின் சுவருக்குள் எண்ணெய் பூட்டிக் கிடக்கிறது, பித்தநீர் அங்கே எட்டாது. பாதாமிலும் இதே கதை: 2012இல் அமெரிக்க வேளாண் துறை அளந்தபோது, 28 கிராம் பாதாமுக்குப் பாக்கெட் கணக்கு 170 கலோரி என்றால் உடம்புக்குக் கிடைத்தது 129தான். சாயங்காலம் ஒரு கைப்பிடி வேர்க்கடலை கொறிப்பவர் அதே எடை மிக்சர் கொறிப்பவரைவிடக் கெட்டிக்காரர். வறுத்த கடலைக்கு எண்ணெய் வேண்டாம், மணல் போதும்.

மீன் எண்ணெய் மாத்திரை எரிப்பைக் கூட்டுமா?

எடைக்காக வாங்க வேண்டாம். மத்தி மீன் குழம்பு வையுங்கள். ஒமேகா 3 கிடைக்கும், கூடவே புரதமும் கிடைக்கும். செரிக்கவே சக்தி கேட்பது அந்தப் புரதம்தான்.

காலையில் வெறும் வயிற்றில் நடந்தால் கொழுப்பு அதிகம் கரையுமா?

நடக்கும் நேரத்தில் எரிவது அதிகம் கொழுப்பாக இருக்கும், அது சரி. மீதி நாளில் உடம்பு அதைச் சமன் செய்துகொள்ளும். 20 இளம்பெண்களை இரு குழுவாகப் பிரித்து, ஒரு குழு சாப்பிட்டும் மற்றது சாப்பிடாமலும் உடற்பயிற்சி செய்த 2014 ஆய்வில், நான்கு வாரத்தில் உடல் கொழுப்பு குறைந்ததில் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. உங்களுக்கு எந்த நேரம் தோதோ அந்த நேரத்தில் நடங்கள். சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் மட்டும் வெறும் வயிற்றில் நீண்ட தூரம் போவதற்கு முன் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் எண்ணெய் அதிகமா, குறைவா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மளிகை பில்லை எடுங்கள். ஒரு லிட்டர் எண்ணெய் சுமார் 915 கிராம், அதாவது 8,200 கலோரி. நான்கு பேர் உள்ள வீட்டில் மாதம் 3 லிட்டர் ஆனால் ஆளுக்கு நாளைக்கு 23 கிராம், இருநூறு கலோரிச் சில்லறை. 5 லிட்டர் ஆனால் 38 கிராம், 340 கலோரி. இந்த இரண்டு வீட்டுக்கும் நடுவே உள்ள 140 கலோரி, எந்த எண்ணெயை மாற்றினாலும் கிடைக்கும் எரிப்பு லாபத்தைவிடப் பெரியது.

ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் உட்கார்ந்து வேலை செய்யும் ஆணுக்கு நாளைக்கு 25 கிராம், பெண்ணுக்கு 20 கிராம் சமையல் கொழுப்பு என்று சொல்கிறது. நெய், வெண்ணெய் எல்லாம் இதற்குள் அடக்கம். வெளியே சாப்பிடும் பரோட்டாவும் பஜ்ஜியும் உங்கள் மளிகை பில்லில் வராது, அதற்குத் தனியாகக் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கையில் பிடித்துப் பார்க்க ஒரு வழி: மாதம் முதல் தேதி, நான்கு பேருக்கு 3 லிட்டர் கணக்கில், நாளைக்கு 100 மில்லியை ஒரு சின்னப் பாட்டிலில் ஊற்றி அடுப்புப் பக்கம் வையுங்கள். காலைத் தோசையிலிருந்து இரவுத் தாளிப்பு வரை அதிலிருந்துதான். எங்கள் வீட்டில் முதல் நாள் மத்தியானம் அப்பளம் பொரித்ததோடு பாட்டில் காலி. ராத்திரி ரசத்துக்குத் தாளிக்க ஒன்றும் மிச்சமில்லை.